இரட்டை வளையம்

செந்தூல், புளோக் சி, கார் நிறுத்துமிடம்.
காலை ஒன்பது பத்து.
இரும்பு வளையத்துக்குள் இன்னொரு வளையம் வைத்து
விளிம்புக்குக் களிமண் அப்பித்
தண்ணீர் ஊற்றுகிறேன்.
வெளி வளையம் காவல்,
உள் வளையம் கணக்கு.
கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் குந்தி உட்கார்கிறேன்.

தண்ணீர் குடிக்கும் கல் என்றுதான்
ஆறு வருஷத்துக்கு முன் விலை பேசினோம்.
திறப்பு விழாவில் கவிழ்த்த ஒரு வாளி நீர்
ஒன்பது எண்ணுவதற்குள் காணாமல் போனது.
கைதட்டினார்கள்.
ஒரு பையன் கல்லில் காதை வைத்துக் கேட்டான்.

இன்று ஒன்பது நிமிடம் ஆயிற்று.
வளையத்துக்குள் என் முகம் அப்படியே கிடக்கிறது.
மூன்றாம் மாடியிலிருந்து மிஸஸ் லோ
மலாயில் கத்துகிறார்:
"என்னம்மா, மீன் வளர்க்கப் போகிறாயா?"

ஓமானில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன்.
பாலை என்றால் மணல் என்று நினைத்துப் போனவள்.
அங்கே கல் பாவியிருந்தது, யாரும் பாவாமல்,
கறுத்து, மினுங்கி, பல்வரிசை போல நெருங்கி.
கத்தி முனையால் ஒன்றை நெம்பினேன்.
கீழே கல் இல்லை.
விரல் ஆழத்துக்கு வெளிறிய மாவு,
அதற்குள் ஆப்பத்தின் நடுவைப் போலத்
துளை துளையாய்.
அவ்வளவு துளை இருந்தும்
ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு வழி இல்லை.

காற்று கொண்டுவந்த தூசி அது.
இடுக்கில் இறங்கி, எப்போதோ பெய்யும் மழையில் படிந்து,
உலர்ந்து, மறுபடி இறங்கி.
அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.
அங்கே தூசி மேல் தூசி;
அம்மி மேலே ஏறுகிறது.
பத்தாயிரம் வருஷமாய் மூழ்காமல்
மிதந்துகொண்டிருக்கின்றன கற்கள்.

ஓடையோரம் போன வருஷம் ஒதுங்கிய சரளை
ஊற்ற ஊற்றக் குடித்தது.
மூத்த தரை வாயே திறக்கவில்லை.
அதன் மேல் விழுந்த மழையெல்லாம்
வழிந்து போய்ப் பள்ளத்தில்
ஒற்றைக் கருவேலத்துக்குச் சேர்ந்தது.
அதனால் எனக்கு அந்தத் தரையின் மேல்
கோபம் வரவில்லை.

இங்கே பள்ளத்தில் மரம் இல்லை.
மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.
நவம்பரில் பதினேழு வண்டி முங்கியது.
காவலாளி தில் பகதூர்
தன் செருப்பு மட்டும் தனியாக மிதந்து வந்ததை
நடந்தே காட்டுகிறான்.

நாற்பது நிமிடம். இரண்டு மில்லிமீட்டர்.
ஹஸ்னிஸா எழுதிக்கொள்கிறாள்.
உளியால் ஒரு கல்லை நெம்புகிறேன்,
அதே கை, அதே கோணம்.
இடுக்கெல்லாம் கறுப்புப் பசை:
டயர்த் தூள்,
எதிரே எழும் நாற்பது மாடியின் சிமெண்டு,
ஏழாம் மாதம் பேய்களுக்கு எரித்த
காகிதப் பணத்தின் சாம்பல்,
தீபாவளிக் கோலத்து ஊதா அரிசி, இன்னும் ஊதாவாகவே,
ஒரு தோட்டுத் திருகாணி.
பத்தாயிரம் வருஷ வேலையை
ஆறு வருஷத்தில் முடித்துவிட்டோம்.
சும்மா சொல்லக் கூடாது, சுறுசுறுப்பான ஊர்.

ஆண்டுக்கு இருமுறை
இடுக்குகளை உறிஞ்சிச் சுத்தம் செய்யவும்
என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு.
எழுதியது நான்.
அதற்கு எதிரே தொகைக் கட்டத்தை
வெறுமையாக விட்டதும் நான்தான்.
தொகை ஏறினால் வேலை கைமாறிவிடும் என்றார்கள்;
நான் தலையாட்டினேன்.
மிஸஸ் லோவுக்கு இது தெரியாது.

மதியம் கோம்பாக் பக்கம் வானம் இருண்டது.
முதல் துளி பெரிது.
பிறகு எண்ண முடியவில்லை.
வெளி வளையமும் உள் வளையமும் நிரம்பி வழிய
எது காவல், எது கணக்கு?
ஹஸ்னிஸா நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ஓடினாள்.

சரிவில் தில் பகதூர்
வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினான்.
ஐந்தாவதை நான் பிடித்துக்கொண்டேன்.
கிளட்ச் இறுகிய பழைய ஹோண்டா,
யாருடையதோ.

நெம்பிய கல்லை நான் திரும்பப் பொருத்தவில்லை.
கார் நிறுத்துமிடம் முழுக்க நீர் தேங்கி நிற்க,
கையகலமுள்ள அந்த ஓட்டையில் மட்டும்
அது சுழன்று சுழன்று
சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது.